குருக்ஷேத்திரத்தை மேடையில் நிறுத்துவது எப்படி? பிலிப் கிளாஸின் ‘சத்தியாகிரகா’ மேடையாக்கங்கள்

சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை)

பிலிப் கிளாஸின் ‘சத்தியாகிரகா’ ஓபராவை இரண்டு மேடையாக்கங்களில் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவது 1981இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆகிம் ஃபிரையர் இயக்கியது. பிறகு படமாக்கப்பட்டு டிவிடியாகவும் வந்தது. இரண்டாவது 2007இல் ஃபெலிம் மெக்டெர்மாட்டும் ஜூலியன் கிரௌச்சும் லண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவுக்காக உருவாக்கி, மறு ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்குக் கொண்டுபோனது. 2011இல் மெட் அதைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பியது. அந்தப் பதிவைத்தான் பார்த்தேன். இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, இரண்டாவதுதான். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கட்டும், அதற்காகத்தான் இந்த இழை.

அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகள்தான் கதை. ஆனால் பாடப்படுவது முழுக்க பகவத் கீதையின் சமஸ்கிருத சுலோகங்கள். கிளாஸும் கான்ஸ்டன்ஸ் டி ஜாங்கும் சேர்ந்து அவற்றைத் தேர்ந்து அடுக்கினார்கள். காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணை என்ற ஆசிரமத்திலும் கீதை, இந்தியர்கள்மேல் சுமத்தப்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொளுத்தும்போதும் கீதை. கண்முன் நடப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. மூன்று அங்கங்களுக்கும் மேலே ஒவ்வொருவர் வாய் திறக்காமல் இருப்பார்: டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங். காலவரிசையும் கிடையாது. 1910இல் தொடங்கி 1906க்குப் போய், அங்கிருந்து 1896க்கு இறங்கி, கடைசியில் 1913இன் நியூகாசில் நடைப்பயணத்தில் முடிகிறது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படக் காரணமில்லை. கிளாஸ் 1970களில் செறுதுருத்தி கலாமண்டலத்துக்கு வந்து கதகளி பார்த்தவர். கதகளியில் ஆடுகிறவர் பேசுவதில்லை. பாட்டு பின்னால் நிற்கும் பொன்னானி, சிங்கிடி என்னும் பாடகர்களிடம் இருக்கிறது. அதே பாரதப்புழையோரத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. கூத்துமாடத்தில் இருபத்தொரு விளக்கை ஏற்றிக்கொண்டு புலவர்கள் கம்பனின் தமிழைத்தான் பாடுகிறார்கள். எதிரே இருக்கும் மலையாளிக்கு அதில் பாதி பிடிபடும், பாதி பிடிபடாது. எதிரே ஆளே இல்லாத இரவுகளும் உண்டு. தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் இராவண வதத்தைப் பார்க்காமல் விட்ட பகவதிக்காகத்தான் ஆட்டம். சொல் முழுதும் புரியாமல் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு.

சொல் கதையைச் சொல்லாதபோது, அத்தனை பாரமும் மேடையின் தலையில் விழுகிறது. இயக்குநர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் கதை. இதனால்தான் இந்த ஓபராவின் மேடையாக்கங்களை ஒப்பிடுவது, ஒரே பாட்டை இரண்டு பாடகர் பாடிக் கேட்பதைப் போன்றதல்ல. கிட்டத்தட்ட இரண்டு நாடகங்களை ஒப்பிடுவது.

முதல் காட்சியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு படைகளுக்கு நடுவே காந்தி. ‘யோத்ஸ்யமானான் அவேக்ஷேஹம்’ என்று தனியாகத் தொடங்குகிறார், பிறகு அர்ச்சுனன் சேர்கிறான், பிறகு கிருஷ்ணன். ஃபிரையர் அடிப்படையில் ஓவியர், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டிடம் பயின்றவர். அவருடைய மேடையில் ஒவ்வொரு காட்சியும் சட்டமிட்ட படம். உருவங்கள் மெல்ல நகர்கின்றன. காந்தி ஏறக்குறைய ஒரு விக்கிரகம். அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த யுத்தம் என்றோ நடந்து முடிந்துவிட்டது என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது.

மெக்டெர்மாட்டின் மேடையில் பின்னால் வளைந்து நிற்பது துத்தநாகத் தகரச் சுவர். தரையில் கூடைகள், செய்தித்தாள்கள். கூத்தாடிகளைப் போன்ற ஒரு சிறு குழு பாடகர்களுக்கு நடுவே வேலை செய்துகொண்டே இருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூடையும் காகிதமும் எழுந்து இரண்டு பெரும் போர்வீரர்களாகி நிற்கின்றன, மோதுகின்றன, மறுபடி குப்பையாகின்றன. உள்ளே இருப்பவர்கள் யாரும் ஒளிந்துகொள்வதில்லை. கையைத் தூக்குவது யார், காலை நகர்த்துவது யார் என்பது தெரிகிறது. தெரிந்தும் நடுக்கம் வருகிறது. யுத்தம் மனிதர் கையால் ஆக்கப்படுவது, மனிதர் கையாலேயே பிரிக்கப்படக்கூடியது என்பதை ஒரு சொல் இல்லாமல் சொல்லிவிட்டார்கள். பின்னால் வரும் காந்தியின் கதை முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டதாக நான் நினைக்கிறேன்.

கல்பாத்தி (பாலக்காடு)

சித்தூர்ப்புழை சார், நல்ல தொடக்கம். ஆனால் இசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த ஓபராவின் வாத்தியக் குழுவில் பித்தளை ஊதுகருவிகள் இல்லை, தாளக் கருவிகளும் இல்லை. தந்தி வாத்தியங்கள், மரத் துளைக்கருவிகள், ஒரு மின் ஆர்கன், அவ்வளவுதான். முதல் காட்சி முழுவதும் சில சுவரக்கூட்டுகளின் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மாறுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் காது பிடித்துக்கொள்ளும்போதுதான் இந்த இசை திறக்கிறது. கண்ணுக்கு முன்னால் கூடையும் காகிதமும் பறந்துகொண்டிருந்தால் காது எங்கே போய் நிற்கும்? ஃபிரையர் மேடையை ஏன் மெதுவாக்கினார் என்பதற்கு விடை இசையில் இருக்கிறது. அவர் இசைக்கு வழிவிட்டார். அதே ஸ்டுட்கார்ட்டில் அவர் 1984இல் கிளாஸின் ‘அக்நாத்தன்’ ஓபராவின் முதல் மேடையேற்றத்தையும் செய்தார், பின்னர் ‘ஐன்ஸ்டைன்’ ஓபராவையும் சேர்த்து மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்க வைத்தார். கிளாஸின் காலத்தைப் புரிந்துகொண்ட இயக்குநர் அவர்.

கடைசிப் பாட்டைக் கவனியுங்கள். ‘பஹூனி மே வ்யதீதானி’, நான்காம் அத்தியாயம். காந்தி தனியாக நிற்கிறார். ஏழு சுவரங்களும் கீழிருந்து மேலே ஏறுகின்றன, மேல் ஷட்ஜத்தைத் தொடுகின்றன, முடிகிறது. மறுபடி அதே ஏற்றம். முப்பது தடவை. அவரோகணமே கிடையாது. சுவரங்களைக் கணக்கிட்டால் நம் தோடி: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஆனால் கமகம் இல்லாத தோடியைத் தோடி என்று செம்பையையும் மணி ஐயரையும் தந்த ஜில்லாவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அசைவே இல்லாமல், படிக்குப் படி, வெறும் சுவரமாக ஏறுகிறது. அந்த நெஞ்சுரம்தான் அந்தப் பாட்டு. அங்கே மேடையில் எதுவும் செய்யாதிருப்பதே இயக்குநரின் கடமை.

மெக்டெர்மாட்டின் மூன்றாம் அங்கத்தில் குழுவினர் ஒட்டும் டேப்பை மேடைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள். கண் அந்த டேப்பின் பின்னாலேயே போகிறது. கீதையின் சுலோகமும் போகிறது, இசையும் போகிறது.

நகரி (ஆந்திர எல்லை)

இருவருக்கும் வணக்கம். நான் ஓபரா தெரிந்தவன் அல்லன். கூத்து தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன். நகரி, புத்தூர், திருத்தணி, இந்தப் பக்கம் சித்தூர் (உங்கள் சித்தூர் அல்ல, எங்கள் சித்தூர்) முழுவதும் திரௌபதி அம்மன் கோயில்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து ஆடுவார்கள். இந்த இழையைப் பார்த்ததும் மெட்டின் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

சித்தூர்ப்புழை சார் வியந்து எழுதியிருக்கும் காகித வீரர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். பதினெட்டாம் போரன்று விடியற்காலையில் கோயில் மைதானத்துக்கு வாருங்கள். மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். ஊர் ஆட்கள் முந்தைய நாளிலிருந்தே மண் குழைத்து, மார்பு கட்டி, கை கால் நீட்டி, முகத்துக்கு வர்ணம் தீட்டியது. அவன் நீளம் ஒரு வீட்டின் நீளம். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உடலைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஆடுகிற துரியோதனனும் அங்கேதான் இருக்கிறான், கிடக்கிற துரியோதனனும் அங்கேதான் இருக்கிறான். தொடையில் அடி விழுகிறது. திரௌபதி கூந்தலை முடிக்கிறாள். அன்று மாலை தீமிதி. மண்ணைக் குழைத்தது யார் என்று ஊருக்கே தெரியும், குழைத்தவனே கூட்டத்தில் நிற்பான். அவன் கண்ணிலும் தண்ணீர் வரும்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறொரு காரணம் இருக்கிறது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் ஏராளமானோர் எங்கள் ஊர்க்காரர்கள். சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு ஜில்லாவில்தான் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட அந்தத் தமிழரும் தெலுங்கரும் கூத்தையும் தீமிதியையும் கூடவே கொண்டுபோனார்கள். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்தில் இன்றும் தீமிதி நடக்கிறது. ஆக, 1913இல் காந்தியின் பின்னால் நடந்தவர்களுக்குக் குருக்ஷேத்திரம் என்பது சமஸ்கிருதப் புத்தகத்தில் இருந்த ஒன்றல்ல. அவர்கள் அதை மிதித்திருக்கிறார்கள். ஓபரா குருக்ஷேத்திரத்தில் தொடங்குவதைக் காந்தியின் மனத்தில் நடக்கும் போராட்டமாக மட்டும் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் களம் அவர் பின்னால் நடந்த கூலிக்காரர்களுக்கும் சொந்தம். எந்த மேடையாக்கம் இதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதுதான் என் அளவுகோல். அதில் காகித மேடை ஜெயிக்கிறது.

மீனாட்சிபுரம் (கேரள எல்லை)

நகரி அண்ணா எழுதியதைப் படித்துச் சிலிர்த்துவிட்டது. இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. அந்த இயக்குநர்கள் மண் துரியோதனனை வீழ்த்தும் உங்கள் படுகளச் சடங்கைப் பார்த்துவிட்டு அதைச் செய்யவில்லை. காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்கு இரண்டாம் அங்கத்தில் ஒரு காட்சியே இருக்கிறது, செய்தித்தாள் அங்கிருந்து வந்தது. தகரம் காலனி நாடுகளில் ஏழைகளின் கூரை. எளிய பொருள்களைக் கொண்டு பெரிய உருவங்களைச் செய்வது அவர்கள் குழுவின் நெடுநாள் பாணி. நம்முடையதோடு ஒத்துப்போகிறது என்பதற்காக நம்மிடமிருந்து வந்ததாக ஆக்கிவிடக் கூடாது.

நகரி

தம்பி, அவர்கள் எங்களிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த ஜனங்களுக்குப் பக்கத்தில் வருகிறது என்றேன். எங்கிருந்து வந்தாலும் வந்து சேர்ந்த இடம் சரியான இடம்.

வாளையார்

வேலை நிமித்தம் பெர்லினில் இருந்தபோது கோமிஷே ஓபராவில் சிடி லார்பி செர்காவியின் மேடையாக்கத்தை நேரில் பார்த்தேன். அவர் நடன இயக்குநர். 2017இல் பாசலில் தொடங்கி அதே ஆண்டில் பெர்லினுக்கு வந்தது. இங்கே யாரும் அதைக் குறிப்பிடாததால் எழுதுகிறேன்.

அதில் பொம்மையும் இல்லை, காகிதமும் இல்லை. நடனக் கலைஞர்கள் இருக்கிறார்கள், பாடகர்கள் இருக்கிறார்கள், சிறிது நேரத்தில் யார் யார் என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. கோரஸில் பாடும் வயதான அம்மாவும் நடனக்காரரோடு சேர்ந்து கையை மடக்கி விரிக்கிறார். காந்தி பாடிக்கொண்டிருக்கும்போதே கீழே விழுகிறார், பல கைகள் தாங்குகின்றன, தாங்கிய கைகளே தள்ளுகின்றன. அடி வாங்குவது என்றால் என்ன, திருப்பி அடிக்காமல் நிற்பதற்கு உடம்பு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. படத்திலும் பொம்மையிலும் அது கிடைக்காது. பொம்மைக்கு வலிக்காது.

இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் இதைச் சோதித்துப் பாருங்கள். 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கிய காந்தியைக் கும்பல் அடித்தது, போலீஸ் சூப்பரின்டெண்டின் மனைவி அலெக்ஸாண்டர் அம்மையார் குடையை விரித்துக் குறுக்கே நின்றார். ஓபரா அதை 1896 என்று குறிக்கிறது. மெக்டெர்மாட் அந்தக் கும்பலைக் காகிதக்கூழில் செய்த மாபெரும் தலைகளாகக் காட்டுகிறார். கேலிச்சித்திரம். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் அடித்தவர்கள் பூதங்கள் என்றாகிவிட்டால் அவர்களை மன்னிப்பதில் என்ன பெருமை? காந்தி அவர்கள்மேல் வழக்குத் தொடுக்க மறுத்தார். அடுத்த வீட்டு மனிதர்கள் அடித்தார்கள் என்றால்தான் அந்த மறுப்புக்கு எடை வரும். செர்காவியின் மேடையில் அடிப்பவருக்கும் அடிவாங்குபவருக்கும் ஒரே மாதிரி உடம்புதான்.

ஸ்டாக்ஹோமில் 2016இல் சர்க்கஸ் கலைஞர்களை வைத்து ஒன்று செய்தார்கள், ஃபோல்கோபரானும் சர்க்கஸ் சிர்கோரும் சேர்ந்து. அதை நான் துணுக்குகளாக மட்டுமே பார்த்ததால் கருத்துச் சொல்லப் போவதில்லை.

சித்தூர்ப்புழை

வாளையார், பூதத் தலைகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான அடி. இத்தனைக்கும் நான் அந்த மேடையாக்கத்தை முழு மனத்தோடு விரும்புகிறவன். அங்கே அவர்களுக்குக் கோபம் மிஞ்சிவிட்டது.

கல்பாத்தி சார், டேப் விஷயத்தில் நான் உங்களோடு இல்லை. மூன்றாம் அங்கத்தை மறுபடி பாருங்கள். உயரமான ஒரு மேடையில் கிங் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எதிரே நமக்குத் தெரியாத பெருங்கூட்டத்துக்குக் கையை உயர்த்தி உயர்த்திப் பேசுகிறார், குரல் இல்லை. கீழே சத்தியாகிரகிகளைப் போலீசார் ஒவ்வொருவராக இழுத்துப் போகிறார்கள். எஞ்சுவது காந்தி மட்டும். உங்கள் முப்பது ஏற்றங்களும் அப்போதுதான் வருகின்றன, அங்கே மேடையில் அசைவு அநேகமாக நின்றுவிடுகிறது. அதற்கு முன் அவ்வளவு அசைவு இருந்ததால்தான் அந்த நிற்றலுக்குப் பலம். ஃபிரையரிடம் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் நின்றுகொண்டிருந்தால் கடைசியில் எதை நிறுத்துவது?

சத்தியவேடு

நான் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், ஒருவர்கூட நடைப்பயணத்தில் நடந்தவர்களைப் பற்றி நின்று பேசவில்லை. நகரி தம்பி தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி செர்ல் கொடுத்த தீர்ப்பு கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கியது. நம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மேல் மூன்று பவுன் வரி ஏற்கெனவே இருந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்நாட்டு வழிவந்தவர்கள், காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவின் மனைவியும் அதில் உண்டு. அவர்கள் நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது அப்படித்தான். நவம்பர் 6ஆம் தேதி நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். காந்தியே எழுதிவைத்த கணக்கு. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்துபோனாள். வயது 16.

இப்போது ஓபராவுக்கு வாருங்கள். பாத்திரப் பட்டியலில் காந்தி, கஸ்தூரிபாய், செயலர் ஷ்லெசின், கல்லன்பாக், பார்சி ருஸ்தம்ஜி, அலெக்ஸாண்டர் அம்மையார், அர்ச்சுனன், கிருஷ்ணன். இவர்களோடு திருமதி நாயுடு என்று ஒரு சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி. அந்த ஒருத்திதான் எங்கள் ஜனங்களின் பெயரோடு மேடையில் நிற்கிறாள். மற்ற எல்லோரும் கோரஸ். ஃபிரையரின் மேடையில் அவள் ஓவியத்தில் ஒரு வர்ணம். காகித மேடையில் அந்தக் காலத்து உடை உடுத்தியிருக்கிறாள், அதற்குமேல் அவளைத் தனியாகக் கவனிக்க எந்தக் காரணமும் தரப்படவில்லை. வாளையார் பார்த்ததிலும் எல்லா உடம்பும் ஒன்று என்றால் அவளும் அதில் கரைந்துதான் போயிருப்பாள்.

சுலோகங்களை மாற்றச் சொல்லவில்லை. கிளாஸ் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். ஆனால் சொல்லை விட்டுவிட்டு மேடையைக் காலியாகக் கொடுத்திருக்கிறார், அதில் இயக்குநர் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903இல் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் அச்சானது. மேடை முழுக்கச் செய்தித்தாள் புரள்கிறதே, அதில் ஒரு தாளிலாவது தமிழ் எழுத்து இருக்கிறதா என்று அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. மூன்றாம் அங்கத்தில் கைதாகிப் போகிறவர்களில் ஒருத்தியை, அந்தத் திருமதி நாயுடுவை, கையில் குழந்தையோடு கடைசியாக அனுப்பியிருக்கலாம். ஒரு சுவரமும் மாற வேண்டியதில்லை.

கல்பாத்தி

அக்கா, நீங்கள் எழுதியதற்குப் பிறகு நாங்கள் டேப்பையும் காகிதத்தையும் பற்றிச் சண்டை போட்டதற்கு அர்த்தம் வேறாகிவிட்டது. ஃபிரையரை நான் விட்டுவிடவில்லை. ஆனால் 1981இன் ஜெர்மன் அரங்குக்கு காந்தி ஒரு தூரத்து ஞானி. அவரை விக்கிரகமாகப் பார்ப்பது அவர்களுக்கு இயல்பு. அதற்கு முந்தைய ஆண்டு ரோட்டர்டாமில் நடந்த முதல் மேடையேற்றம், டேவிட் பவுண்ட்னி இயக்கியது, இவ்வளவு தூரம் உருவகத்துக்குள் போகவில்லை. அதன் முழுப் பதிவு என் கைக்குக் கிடைத்ததில்லை, கிடைத்தால் இந்த விவாதம் வேறு பக்கம் திரும்பும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். காகித மேடையாக்கம் 2018இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபோதும், 2021இல் லண்டனில் மறுபடி அரங்கேறியபோதும் காந்தியாகப் பாடியவர் ஷான் பணிக்கர், இலங்கை வம்சாவளி அமெரிக்கர். மேடை அதேதான், பொம்மைகள் அதேதான். ஆனால் தெற்காசிய முகம் ஒன்று நடுவில் நின்று அந்தத் தோடிப் படிகளை ஏறியபோது பார்ப்பவர்களுக்குள் ஏதோ இடம் மாறியிருக்கும். மேடையாக்கம் என்று நாம் சொல்வதில் யார் நிற்கிறார் என்பதும் அடங்கும்.

சித்தூர்ப்புழை

சத்தியவேடு அக்கா சொன்னதற்கு மறுப்பே கிடையாது. இதே மேடையாக்கத்தோடு ஒட்டி நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன், அது நகரியின் அளவுகோலுக்குப் பொருந்தும்.

2011 டிசம்பர் 1ஆம் தேதி மெட்டில் ‘சத்தியாகிரகா’ நடந்துகொண்டிருந்தபோது, ‘வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்’ போராட்டக்காரர்கள் மெட் இருக்கும் லிங்கன் சென்டருக்கு வெளியே கூடினார்கள். போலீஸ் தடுப்புகள் நடுவில். உள்ளே காந்தியின் சட்டமறுப்புக்குக் கைதட்டல், வெளியே சட்டமறுப்பாளர்களுக்குத் தடுப்புக் கம்பி. ஓபரா முடிந்ததும் கிளாஸே வெளியே வந்தார். ஒலிபெருக்கி கிடையாது, அவர் ஒரு வரி சொல்ல, கூடியிருந்தவர்கள் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். அவர் சொன்னது மூன்றாம் அங்கத்தின் கடைசி வரிகள், ‘யதா யதா ஹி தர்மஸ்ய’ என்று நாம் அறிந்த சுலோகம்தான், ஆங்கிலத்தில். அரங்குக்குள் சமஸ்கிருதத்தில் பாடப்பட்ட வரியைத் தெருவில் அவரே ஆங்கிலத்தில் சொன்னார். ஃபிரையர், மெக்டெர்மாட், செர்காவி மூவருக்கும் கிடைக்காத ஒன்று அந்த நடைபாதையில் நடந்தது. கோரஸ் அங்கே தன் சொந்த வாயால் பேசியது.

மீனாட்சிபுரம்

இதைக் கேள்விப்பட்டதே இல்லை. வைக்கம் நினைவுக்கு வருகிறது. 1924இல் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக நின்றார்கள். மேடை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது.

வாளையார்

முதல்முறை பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. இடைவேளைகளோடு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே மூச்சில் உட்காரப் பயமாக இருந்தால் இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். 1908 ஆகஸ்ட் 16, ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி மைதானம், இரும்புக் கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியது. இந்த இழையில் பேசிய எல்லா மேடையாக்கங்களுக்கும் அந்தக் காட்சி கடினமான சோதனை. நெருப்பைக் காட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் முடிவெடுத்தாக வேண்டும்.

நகரி

எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரிடம் காகித வீரர்கள் வரும் காட்சியையும் கடைசிப் பாட்டையும் போட்டுக் காட்டினேன். அவருக்குக் காந்தி தெரியும், ஓபரா தெரியாது. வீரர்கள் எழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘உள்ளே எத்தனை பேர்?’ என்றார். எனக்குத் தெரியவில்லை. ‘கால் வைக்கிறவன் கெட்டிக்காரன்’ என்றார். கிருஷ்ணனைப் பற்றி அவருக்குத் திருப்தியில்லை. அர்ச்சுனன் வில்லைக் கீழே போட்ட பிறகு கிருஷ்ணன் இவ்வளவு சாந்தமாகப் பாடினால் எப்படி எடுப்பான் என்று கேட்டார்.

கடைசிப் பாட்டை முழுதாகக் கேட்டார். கல்பாத்தி சார் ஒப்புக்கொள்வாரோ தெரியாது, வாத்தியாரும் அது தோடி இல்லை என்றார். ஆனால் அவரை உறுத்தியது வேறு. கூத்தில் வேஷக்காரன் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மூச்சு வாங்க அவனுக்கு இடம் கிடைக்கும், கூட்டத்துக்கும் பாட்டு ஏறும். ‘இந்த மனுஷன் ஒரே அடியை இத்தனை தடவை பாடுகிறான், வாங்கிக்கொள்ள ஒருத்தன் இல்லையே’ என்றார். சத்தியவேடு அக்கா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன், அந்தப் பெண்ணைக் கடைசியாக அனுப்பும் யோசனையை. அவர் அதை ஏற்கவில்லை. அனுப்பவே கூடாது என்கிறார். எல்லோரையும் போலீஸ் கொண்டுபோகட்டும், அந்த ஒருத்தி மட்டும் மேடையின் ஓரத்தில் நிற்கட்டும், காந்தி அடியைப் பாடி முடித்ததும் அவள் வாங்கிப் பாடட்டும் என்கிறார்.

கல்பாத்தி

இசைக் குறிப்பில் அதற்கு இடமில்லை. அது தனிப்பாட்டு. ஆனாலும் வாத்தியாரிடம் சொல்லுங்கள், முப்பதாவது ஏற்றம் வரைக்கும் இனி என்னால் அந்த ஓரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.